ஒன்று குறைந்த பேரெண்



கணித சாஸ்திரத்தைப் பற்றிப் பொதுமக்கள் கூடும் மேடையில் பேச வேண்டும் என்று இந்த மதுரை மாநகரத்து அன்பர்கள் சிலர் என்னைக் கேட்டுக்கொண்டபோது, எந்த விஷயத்தை எடுத்துக்கொண்டால் கணக்கைக் கண்டு அஞ்சுகிறவர்களும் அமர்ந்து கேட்பார்கள் என்று பல நாள் ஆலோசித்து, கடைசியில் ஓர் எண்ணை, ஒரே ஓர் எண்ணை மட்டும், உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்துவது என்று தீர்மானித்தேன். அதை இந்தப் பலகையில் எழுதியிருக்கிறேன்:

170141183460469231731687303715884105727

முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட இவ்வெண், இரண்டை 127 தடவை எழுதி அவ்வளவையும் ஒன்றோடொன்று பெருக்கி, வந்த பெருக்குத் தொகையிலிருந்து ஒன்றே ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் இது என்று 1876-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் எடுவார் லூக்கா நிலைநாட்டினார். அன்று முதல் 1951 வரையில், எழுபத்தைந்து ஆண்டுக் காலம், மனிதர் அறிந்த பகா எண்களிலெல்லாம் பெரியது என்ற ஸ்தானத்தில் இதுவே வீற்றிருந்தது. அந்தப் பெருமையைக் காட்டிலும், எண்ணிக் காணவே முடியாத ஒரு பொருளைப் பற்றி அவர் எவ்வாறு ஐயமற அறிந்தார் என்பதுதான் என்னை இளமை முதல் ஆட்கொண்டிருக்கும் அதிசயம். அதைச் சொல்லவே வந்தேன்.

முதலில் நம் களத்துமேட்டுக்குப் போவோம். பெரியாற்றுத் தண்ணீர் பாயும் மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், அறுவடை முடிந்து நெல்லைப் பொலி தூற்றிக் குவித்த பிறகு, என் பாட்டனார் முன்னிலையில் மரக்கால் கொண்டு அளப்பார்கள். அளப்பவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்; 'லாபம்' என்று நீட்டிச் சொல்லி, அதன் பிறகே இரண்டு, மூன்று என்று தொடர்வார். ஒன்றுக்கு மட்டும் தனிப் பெயர் கொடுத்து அதை வரிசையினின்று விலக்கி வைக்கும் அந்த வழக்கத்தின் பொருள் மங்கலம் என்பதே என்றாலும், பிற்காலத்தில் பகா எண்களைப் பற்றிப் படிக்கும்போது அந்தக் குரல் என் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது. ஏனெனில் கணித சாஸ்திரமும் ஒன்று என்னும் எண்ணைப் பகா எண்களின் பந்தியில் உட்கார வைப்பதில்லை. பன்னிரண்டைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால் இரண்டு, இரண்டு, மூன்று என்ற ஒரே வகையில்தான் எழுதலாம். ஒன்றையும் அதில் சேர்த்துக்கொண்டாலோ, அதை எத்தனை முறை வேண்டுமானாலும் பெருக்கி எத்தனை வகையிலும் எழுதலாம் என்றாகி, எண்களுக்கெல்லாம் ஒரே குலமுறை உண்டு என்ற ஆதாரமான உண்மை குலைந்துபோகும்.

மரக்காலை விட்டுச் சிறிய அளவைகளுக்கு வருவோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. இரட்டித்துக்கொண்டே போகும் இம்முறை நம் முன்னோர் அரிசியும் எண்ணெயும் அளந்த முறை. இப்போது ஆழாக்கு, உழக்கு, உரி ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முறை நிரப்பிக் கொட்டினால் ஒன்றும் இரண்டும் நான்குமாக ஏழு ஆழாக்கு ஆகிறது. நாழியாவதற்கு ஓர் ஆழாக்குக் குறைவு. நாழியையும் சேர்த்து நான்கையும் கொட்டினால் பதினைந்து. இருநாழிக்கு ஓர் ஆழாக்குக் குறைவு. எத்தனை அளவைகளை இவ்வாறு இரட்டித்துக் கூட்டினாலும் அடுத்த அளவைக்கு எப்போதும் ஒன்று குறைந்தே நிற்கும். நம் பேரெண் இத்தகைய 127 அளவைகளின் கூட்டுத்தொகை. அவ்வளவே அதன் பிறப்பு வரலாறு.

சதுரங்கப் பலகையின் அறுபத்துநான்கு கட்டங்களில் நெல்மணியை இரட்டித்து வைக்கச் சொன்ன கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அங்கே வரும் தொகை 18446744073709551615. ஐந்தில் முடிவதால் இது ஐந்தால் வகுபடும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. ஆனால் ஐந்தில் முடியாவிட்டாலும் இது பகா எண்ணாக இருந்திருக்க முடியாது. காரணம் மிக எளியது. நான்கு அளவைகளை இரண்டிரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: ஒன்றும் இரண்டும் சேர்ந்து மூன்று, நான்கும் எட்டும் அந்த மூன்றின் நான்கு மடங்கு, ஆகவே மொத்தம் மூன்றின் ஐந்து மடங்கு. அளவைகளின் எண்ணிக்கை சமபாகங்களாகப் பிரியுமானால், தொகையும் அவ்வாறே பெருக்கமாகப் பிரிந்துவிடுகிறது. ஆகவே அளவைகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தாலன்றித் தொகை பகா எண்ணாக இராது. இதைக் கேட்ட மாணவர்கள் உடனே, எண்ணிக்கை பகா எண்ணானால் தொகையும் பகா எண்தானே என்று கேட்பார்கள். அந்த ஆசை இயற்கை. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு அளவைகளுக்கு முறையே 3, 7, 31, 127 என்று பகா எண்களாகவே வந்து அந்த ஆசையை வளர்க்கின்றன. பதினொரு அளவைகளுக்கு 2047 வந்து, அது 23-ஐ 89-ஆல் பெருக்கிய தொகை என்று தெரியும்போது ஆசை தகர்ந்துபோகிறது.

1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, 257 வரையில் எந்தெந்த எண்ணிக்கைக்குத் தொகை பகா எண்ணாகும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. அவர் அத்தனையையும் வகுத்துப் பார்த்திருக்க முடியாது. பிற்காலத்தார் சோதித்தபோது 67-உம் 257-உம் பிழை என்றும், 61, 89, 107 ஆகிய மூன்றை அவர் விட்டுவிட்டார் என்றும் தெரிந்தது. என்றாலும் 127 சரியாக அமைந்தது. அவர் பெயராலேயே இவ்வின எண்களை உலகம் இன்றும் வழங்குகிறது.

அந்த 127-ஐ நேர்வழியில் சோதிக்க முற்பட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள எண்களால் வகுத்துப் பார்ப்பது பள்ளிப் பிள்ளைகள் அறிந்த வழி. நம் எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 13-ஐ எழுதி அதன் பின் பதினெட்டுச் சுழியங்களை எழுதினால் வரும் அளவு. வினாடிக்கு ஒரு வகுத்தல் வீதம் இரவு பகலாகச் செய்தாலும் 41 ஆயிரம் கோடி ஆண்டுகள் வேண்டும். இவ்விடத்தில் சாஸ்திரம் நமக்கு ஒரு சலுகை தருகிறது: இரண்டின் 127-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணுக்கு வகுத்தி ஏதேனும் இருந்தால், அது 254-ஆல் வகுத்தால் ஒன்று மீதி தருவதாகவே இருக்க வேண்டும். சற்று முன் சொன்ன 23-உம் 89-உம் 22-ஆல் வகுபடும்போது ஒன்று மீதி தருவதைக் கவனியுங்கள். 22 என்பது பதினொன்றின் இரட்டை. இச்சலுகையால் வேலை 254-இல் ஒரு பங்காகக் குறைந்தாலும், இன்னும் 160 கோடி ஆண்டுகளுக்கு மேல் மிஞ்சுகிறது. ஆக, வகுத்துப் பார்த்து அறியும் மார்க்கம் லூக்காவுக்கு அடைபட்டே இருந்தது.

மானாமதுரைக்குப் போயிருப்பவர்கள் அங்கே குயவர்கள் பானையையும் கடத்தையும் விரலால் சுண்டிப் பார்ப்பதைப் பார்த்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று உள்ளே இருந்தால் நாதம் பிசகும். பிசகாமல் கணீரென்று ஒலித்தால் பானை முழுமையானது. கீறல் எந்த இடத்தில் என்று ஓசை சொல்லாது. உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். லூக்கா கண்டுபிடித்தது எண்களைச் சுண்டிப் பார்க்கும் இத்தகைய முறை. 1930-ஆம் ஆண்டில் அமெரிக்கரான லேமர் அதைச் செப்பனிட்டுத் தந்த வடிவத்தில் இப்போது உங்கள் முன் செய்து காட்டுகிறேன். பெரிய எண்ணுக்குப் பதிலாக 127 என்ற சிறிய எண்ணை எடுத்துக்கொள்வோம். அது ஏழு அளவைகளின் தொகை.

நான்கு என்ற எண்ணில் தொடங்குங்கள். அதை வர்க்கித்து இரண்டைக் கழித்தால் 14. பதினான்கை வர்க்கித்து இரண்டைக் கழித்தால் 194. அதில் 127 போக மீதி 67. அறுபத்தேழை அவ்வாறே செய்து 127-ஆல் வகுத்தால் மீதி 42. நாற்பத்திரண்டிலிருந்து 111. நூற்றுப்பதினொன்றை வர்க்கித்தால் 12321. இரண்டு போக 12319. இதை 127-ஆல் வகுத்தால் ஈவு 97, மீதி சூன்யம். ஏழில் இரண்டு குறைந்த ஐந்தாவது படியில் சூன்யம் வந்துவிட்டதால் 127 பகா எண் என்பது நிச்சயமாகிறது. மூன்றாலோ ஏழாலோ பதினொன்றாலோ நாம் அதை வகுக்கவே இல்லை. இதே வேலையை 2047-க்குச் செய்தால் ஒன்பதாவது படியில் சூன்யம் வராமல் 1736 நின்றுவிடுகிறது. நாதம் பிசகிவிட்டது; 23 என்ற கீறலை நாம் காணாமலே, பானை உடைந்தது என்று அறிந்துவிட்டோம்.

நம் பேரெண்ணுக்கு இப்படி 125 படிகள். நூறு கோடி ஆண்டுக் கணக்கு நூற்றிருபத்தைந்து படிகளாகச் சுருங்கிவிட்ட இவ்விடத்தில் நான் ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் பேச்சற்று நின்றுவிடுவது வழக்கம். ஒவ்வொரு படியும் முப்பத்தொன்பது இலக்க எண்ணை வர்க்கித்து வகுக்கும் கடும் உழைப்பு என்பது உண்மை. லூக்கா எண்களை இரண்டின் அடுக்குகளாகவே எழுதி, பக்கத்துக்கு 127 கட்டங்கள் கொண்ட ஒரு சதுரப் பலகையில் காய்களை நகர்த்திக் கணக்கிடும் வழியையும் வகுத்தார். நெல்மணிக் கதையின் சதுரங்கப் பலகை இங்கே வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது.

லூக்கா அதே காலத்தில் 67 அளவைகளின் தொகையையும் இவ்வாறு சோதித்து, மெர்சென் சொன்னது தவறு, அது பகு எண் என்று காட்டினார். ஆனால் அதன் வகுத்திகள் எவை என்று அவருக்கும் தெரியாது. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1903 அக்டோபரில், நியூயார்க்கில் நடந்த கணித சங்கக் கூட்டமொன்றில் பிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர், 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினால் இரண்டின் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் வருகிறது என்று காட்டினார். அவர் வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசாமல் பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். அந்தச் சபையோர் கண்டது கீறலின் இடம். லூக்கா முன்பே கேட்டது அதன் ஓசை. இவ்விரண்டும் அறிவின் இரு வேறு வகைகள் என்று நான் நினைக்கிறேன். இரண்டில் லூக்காவினுடையதே உயர்ந்தது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இனி நம் நாட்டுக்கு வருவேன். குற்றாலத்துக்கு அருகில் வல்லம் என்னும் ஊரில் 1901-இல் பிறந்த கணித அறிஞர் எஸ். எஸ். பிள்ளை, நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பயின்று, சென்னையில் ஆராய்ச்சி செய்து, 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். இராமானுஜனின் பெயரை அறியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. பிள்ளையின் பெயரை இந்த அவையில் எத்தனை பேர் அறிவீர்கள் என்று கேட்க எனக்கே மனம் வரவில்லை. ஆகவே அவர் செய்ததைச் சிறிது விரிவாகவே சொல்வேன், குறிப்பாக அதிலும் 'ஒன்று குறைவு' என்ற நம் கதையே மறைந்திருப்பதால்.

எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மேற்படாமல் கூட்டி எழுதலாம் என்பது பழைய உண்மை. அவ்வாறே கனங்களால் எழுத எத்தனை வேண்டும், நான்காம் அடுக்குகளால் எழுத எத்தனை வேண்டும் என்பது 1770-இல் வேரிங் என்ற ஆங்கிலேயர் எழுப்பிய பிரச்சினை. எந்த எண்கள் அதிகமான உறுப்புகளைக் கேட்டுத் தொல்லை தருகின்றன என்று பாருங்கள். வர்க்கங்களுக்கு 7: ஒரு நான்கும் மூன்று ஒன்றுகளும், ஆக நான்கு. கனங்களுக்கு 23: இரண்டு எட்டுகளும் ஏழு ஒன்றுகளும், ஆக ஒன்பது. நான்காம் அடுக்குக்கு 79: நான்கு பதினாறுகளும் பதினைந்து ஒன்றுகளும், ஆக பத்தொன்பது. ஐந்தாம் அடுக்குக்கு 223: ஆறு முப்பத்திரண்டுகளும் முப்பத்தொரு ஒன்றுகளும், ஆக முப்பத்தேழு. இவை யாவும் இரண்டின் அடுக்கொன்றின் மடங்குக்கு ஒன்று குறைந்தவை. 8-க்கு ஒன்று குறைவு, 24-க்கு ஒன்று குறைவு, 80-க்கு, 224-க்கு. பெரிய மரக்காலை இன்னொரு முறை நிரப்ப ஒரே ஒரு மணி போதாமல், எஞ்சியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ண வேண்டிய அவல நிலை இது. வாழ்க்கையில் ஒரு ரூபாய் குறைந்ததால் முழு நோட்டை மாற்ற முடியாமல் சில்லறையை எண்ணிக் கொடுத்தவர்களுக்கு இந்தத் தத்துவம் உடனே விளங்கும்.

7, 23, 79, 223 ஆகிய நான்கும் பகா எண்கள் என்பதைக் கவனித்தீர்களா? இதைக் கண்டு ஒரு விதி வகுத்துவிடத் தோன்றும். அடுத்ததாகிய ஆறாம் அடுக்குக்குரிய எண் 703. பதினொரு அறுபத்துநான்குகளுக்கு ஒன்று குறைவு. அது 19-ஐ 37-ஆல் பெருக்கியது. விதி அங்கேயே முறிந்தது. இந்த 703-ஐ எழுதப் பத்து அறுபத்துநான்குகளும் அறுபத்துமூன்று ஒன்றுகளுமாக 73 உறுப்புகள் வேண்டும். எந்த எண்ணுக்கும் 73-க்கு மேல் வேண்டியதில்லை என்பதை 1940-இல் நிரூபித்துக் காட்டியவர் பிள்ளை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஏழும் அதற்கு மேற்பட்டதுமான அடுக்குகளுக்குப் பெரும்பாலும் விடை கண்டுவிட்டார். அமெரிக்காவில் டிக்சன் என்பவரும் தனித்து அதே முடிவுக்கு வந்தார். சிதம்பரத்தில் அமர்ந்து, மின்னணு யந்திரம் ஏதுமின்றிச் செய்த காரியம் இது.

பகா எண்களிலும் அவர் பெயர் தங்கிவிட்டது. 5 வரையுள்ள எண்களைப் பெருக்கி ஒன்று கூட்டினால் 121. அதன் பகா வகுத்தி 11. ஐந்தால் வகுத்தால் ஒன்று மீதி. 6 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 721. வகுத்திகள் 7, 103. ஆறால் வகுத்தால் இரண்டும் ஒன்று மீதி தருகின்றன. 7 வரை பெருக்கினால் 5041, வகுத்தி 71, ஏழால் வகுத்தால் மீண்டும் ஒன்று. எப்போதும் இப்படியா என்றால், எட்டில் முறிகிறது: 40321-இன் வகுத்தி 61, எட்டால் வகுத்தால் மீதி ஐந்து. இவ்வாறு ஒழுங்கை மீறும் பகா எண்களுக்கு இன்று பிள்ளை பகா எண்கள் என்று பெயர். அவற்றில் மிகச் சிறியது, 2047-ஐ உடைத்த அதே 23.

1950 ஆகஸ்ட் 31-ஆம் நாள், அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கும் பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிலையத்துக்குமாகப் புறப்பட்டுச் சென்ற அவர், கெய்ரோவுக்கு அருகில் நேர்ந்த விமான விபத்தில் மாண்டார். அப்போது வயது நாற்பத்தொன்பது. அவருடைய கட்டுரைகள் முழுத் தொகுப்பாக அச்சேற 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போது என் மனம் கனக்கிறது.

லூக்காவின் எண்ணை அளவில் மிஞ்சியவை இன்று பல. 1951-க்குப் பிறகு மின்னணு யந்திரங்கள் இவ்வேலையை ஏற்றுக்கொண்டன. 2024 அக்டோபரில் லூக் டூரண்ட் என்பவர் அறிவித்த பகா எண், இரண்டின் 136279841-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது, இலக்கங்கள் 4,10,24,320. வினாடிக்கு ஓர் இலக்கமாக இடைவிடாது வாசித்தால் 475 நாள் ஆகும். அதைச் சரிபார்த்தவற்றுள்ளும் லூக்காவின் சுண்டும் முறை ஒன்று. எந்த வடிவ எண்ணுக்கும் பொருந்துமாறு, படிகளின் எண்ணிக்கை இலக்கங்களின் எண்ணிக்கையின் ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு அடங்கியே வளரும் பொது முறையை 2002-இல் கான்பூரில் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணாக்கர் நீரஜ் கயல், நிதின் சக்சேனா இருவரும் கண்டனர் என்பதும் நாம் நெஞ்சு நிமிர்ந்து சொல்லத்தக்கது.

ஆனால் நம் எண்ணுக்கு மட்டும் உரிய தனிச் சிறப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. இரண்டு அளவைகளின் தொகை 3. மூன்று அளவைகளின் தொகை 7. ஏழு அளவைகளின் தொகை 127. நூற்றிருபத்தேழு அளவைகளின் தொகை நம் பேரெண். தந்தை மகனாக, மகன் பேரனாக, ஒவ்வொரு தொகையும் அடுத்த தலைமுறையில் அளவைகளின் எண்ணிக்கையாகிறது. இதுவரை வந்த தலைமுறை யாவும் பகா எண்களே. இந்த வம்சத்தை 1876-இலேயே கட்டலான் என்ற அறிஞர் சுட்டிக் காட்டினார். அப்படியானால் நம் பேரெண் எவ்வளவோ அவ்வளவு அளவைகளை இரட்டித்துக் கூட்டினால் வரும் தொகை? அதுவும் பகா எண்ணா? மயங்கிவிடாதீர்கள், 13 அளவைகளின் தொகை 8191 பகா எண்ணே ஆயினும், 8191 அளவைகளின் தொகை பகு எண் என்று 1953-இல் யந்திரம் காட்டியது.

அந்த அடுத்த தலைமுறைக்கு உள்ள இலக்கங்களின் எண்ணிக்கையே 5-ஐ எழுதி முப்பத்தேழு சுழியங்களை எழுதினால் வருவதற்குச் சற்று மேல். அதை எழுதி வைக்கப் பூமியில் இடம் இல்லை. சுண்டிப் பார்க்க லூக்காவின் முறையாலும் இயலாது, படிகளே அவ்வளவு. எஞ்சிய வழி ஒன்றுதான்: அதற்கு வகுத்தி இருந்தால், அது நம் பேரெண்ணின் இரட்டையால் வகுத்தால் ஒன்று மீதி தருவதாக இருக்க வேண்டும் என்ற பழைய சலுகையைப் பற்றிக்கொண்டு, பேரெண்ணின் இரட்டையையே மரக்காலாக வைத்து ஒவ்வொன்றாக அளந்து தேடுவது. களத்தில் 'லாபம்' என்று கூவும் முதல் மரக்காலோடு ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது இரண்டின் 128-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்; அது ஐந்தில் முடிவது, ஆகவே பகா வகுத்தியாகாது. அதற்கு அடுத்த மரக்கால்களை உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் யந்திரங்களைக் கொண்டு இன்றும் அளந்துகொண்டே இருக்கிறார்கள். இதுவரை ஒரு வகுத்தியும் அகப்படவில்லை.